இரு பெயர் கொண்ட ஒரு நகரம்

ஒரு மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்று யாது என வினவினால், அறிஞர் பெரும்பாலும் ஒரு பாட்டையோ, கல்வெட்டையோ, வேதநூலின் மொழிபெயர்ப்பையோ காட்டுவர். மேற் சோர்பிய மொழியின் வரலாற்றை எழுதுவோர் காட்டுவது ஒரு கீழ்ப்படிதற் சத்தியத்தை. 1532ஆம் ஆண்டில் பௌட்சன் நகர சபையார் எழுதிவைத்த அச்சத்தியம், அந்நகரிற் குடியுரிமை பெறவந்த சோர்பியன் ஒருவன் பொகீமிய மன்னன் பேர்டினந்துக்கும், நகரத் தலைவனுக்கும், சபையாருக்கும் அடங்கி நடப்பேன் என்று கடவுளின் பேரால் உரைக்கவேண்டிய வாசகமாகும். சபையார் ஜேர்மனியர், அவர்தம் அலுவல் மொழி ஜேர்மன். ஆயினும், சத்தியம் செய்பவனுக்கு விளங்காத சத்தியத்தாற் பயனில்லை என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஆளப்படுவோனின் மொழி இவ்வாறுதான் ஆள்வோனின் ஏட்டிலே ஏறியது. பணியவேண்டிய இடத்தில் அம்மொழிக்கு இடம் கிடைத்தது. ஆணையிடும் இடத்தில் அதற்கு இடமில்லை.

பௌட்சன், ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்தில், திரெஸ்டன் நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தொலைவில், ஷ்ப்ரே ஆற்றுக்கு மேலே எழுந்து நிற்கும் கருங்கற் குன்றின்மீது அமைந்த பழம்பதி. ஏறக்குறைய நாற்பதினாயிரம் மக்கள் வாழும் சிறு நகரம். அங்கே பெயர்ப்பலகைகள் இரு மொழிகளில் எழுதப்பட்டுள்ளன. ஜேர்மன் மொழியிற் பௌட்சன். சோர்பிய மொழியிற் புடிஷின். சோர்பியர் மேலைச் சிலாவிய இனத்தவர். போலந்து, செக் மொழிகளோடு நெருங்கிய உறவுடைய மொழியைப் பேசுவோர். ஜேர்மனியர் நெடுங்காலம் அவர்களை 'வெண்டர்' என்றே அழைத்துவந்தனர். அவர்கள் தம்மைக் குறிக்க வழங்கும் பெயர் பால்கன் பிரதேசத்துச் சேர்பியரின் பெயரை ஒத்தது. ஆனால் இரு சாராரின் மொழியும் வரலாறும் வேறானவை. சோர்பியத்தில் மேல், கீழ் என இரு எழுத்து மொழிகள் உண்டு. முன்னதற்குப் பௌட்சனும், பின்னதற்கு வடக்கே பிராண்டன்பேர்க் மாநிலத்திலுள்ள கொட்புஸ் நகரும் நடுவிடங்கள். இவ்விரு பகுதிகளையும் சேர்த்து லுசாத்தியா என்பர்.

இன்று சோர்பியர் தொகை அறுபதினாயிரம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகின்றது. அம்மொழியை நாள்தோறும் வழங்குவோர் அதனினும் மிகக் குறைந்தோரே. பௌட்சன் நகருக்குள்ளும் சோர்பியர் ஒரு சிறு பங்கினர்தாம். எனினும் அவர்தம் பத்திரிகை, பதிப்பகம், அரங்கு, ஆய்வு நிறுவனம், உயர்தரப் பாடசாலை ஆகிய யாவும் இந்நகரிலேயே உள்ளன. தாம் சிறுபான்மையினராய் வாழும் நகரமொன்றையே ஒரு மக்கட் கூட்டம் தன் தலைநகராகக் கொண்டிருக்கின்றது. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நகரத்தின் பெயர் வரலாற்றில் முதன்முதல் வருவது 1002ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் பற்றி மேர்செபேர்க் ஆயரான தீட்மார் எழுதிய வரலாற்று நூலில். அக்காலத்தில் இது மில்செனர் என்னும் சிலாவியக் குலத்தவரின் கோட்டை. அதனைக் கைப்பற்றப் போலந்து வேந்தன் பொலெஸ்லாவும் ஜேர்மன் வேந்தன் இரண்டாம் ஹென்றியும் ஆண்டுக்கணக்கிற் போரிட்டனர். 1018இல் இக்கோட்டையிலேயே இருவருக்குமிடையே சமாதான உடன்படிக்கை நிறைவேறியது. பள்ளி வரலாற்று நூல்கள் இதனைப் பௌட்சன் உடன்படிக்கை எனப் போற்றும். இரு அரசர் யாருடைய நிலத்தைப் பங்கிட்டனர் என்பதை அந்நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் மேற்கிலிருந்து ஜேர்மன் குடியேற்றக்காரர் பெருந்தொகையாக வந்தனர். காடு வெட்டி உழுதவர்களும், நகரமைத்து வாணிகம் செய்தவர்களும், கோட்டையமைத்து வரி வாங்கியவர்களும் அவருள் இருந்தனர். லுசாத்தியாவில் நகரம் என்பது பெரும்பாலும் ஜேர்மன் மொழி பேசியது. கிராமம் சோர்பிய மொழி பேசியது. நிலமானிய அமைப்பில் இது வெறும் மொழி வேற்றுமையாக நிற்கவில்லை. பிரபுவும் நீதிபதியும் வணிகனும் ஒரு மொழியினர். வாரக்குடியும் வேலையாளும் வேறொரு மொழியினர். வர்க்க வேறுபாடு மொழி வேறுபாடாகக் காட்சியளித்தது. மொழி வேறுபாடு வர்க்க வேறுபாட்டை நிலைநிறுத்தியது. வடக்கே பெஸ்கோ என்னும் ஊரிற் சப்பாத்துத் தொழிலாளர் சங்கம் 1353ஆம் ஆண்டிலேயே சோர்பியரைச் சேர்க்கலாகாது என விதித்தது. மேற்கே சாலே, எல்பே ஆறுகளை அடுத்த நாடுகளில், 1293இல் பேர்ன்பேர்க்கிலும் 1327இல் லைப்சிக் முதலிய இடங்களிலும், நீதிமன்றத்திற் சோர்பிய மொழியைப் பேசுதல் தடுக்கப்பட்டது. அவ்வட்டாரங்களிற் சோர்பிய மொழி இன்று ஊர்ப்பெயர்களில் மட்டுமே எஞ்சியுள்ளது.

பௌட்சன் நகரில் நிலைமை சற்றே வேறு. நகரைச் சூழ்ந்த கிராமங்கள் முழுமையாகச் சோர்பியக் கிராமங்கள். நகருக்கு வேலையாட்களை அனுப்பியவையும், சந்தைக்குத் தானியம் கொணர்ந்தவையும் அவையே. அதனாற் சோர்பியர் மதிலுக்கு உள்ளேயும் வந்து குடியிருந்தனர். அவர்களை முற்றாக விலக்கினால் நகரம் இயங்காது. 1532ஆம் ஆண்டுச் சத்திய வாசகத்தின் பொருளாதாரப் பின்னணி இதுவே எனலாம்.

நகரம் ஒருமனப்பட்ட ஜேர்மன் கோட்டையாய் இருந்தது என்று கருதுதலும் தவறாகும். 1405ஆம் ஆண்டிற் பௌட்சன் கைவினைஞர் செல்வ வணிகரின் சபைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, அச்சபையை நீக்கிவிட்டுத் தம்மவரை அமர்த்தினர். மூன்றாண்டுகள் அவர்களது ஆட்சி நடந்தது. 1408இற் பொகீமிய மன்னன் வென்செஸ்லாஸ் நேரில் வந்து கிளர்ச்சித் தலைவர்களின் தலையைக் கொய்வித்துப் பழைய சபையை மீள அமர்த்தினான். லுசாத்தியாவின் 6 நகரங்கள் 1346இல் அமைத்துக்கொண்ட கூட்டணியைப் புகழ்ந்து பேசுவோர், அக்கூட்டணி காத்த செல்வம் யாருடையது என்பதற்கு இந்நிகழ்ச்சியை விடையாகக் கொள்ளலாம்.

பதினாறாம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தம் சோர்பிய மொழிக்கு எதிர்பாராத நன்மை செய்தது. வேதம் குடியானவனுக்கு அவனது மொழியிலேயே சொல்லப்படவேண்டும் என்று சீர்திருத்தக்காரர் வற்புறுத்தினர். அவனை இழந்துவிட அஞ்சிய கத்தோலிக்க குருமாரும் அவ்வழியிற் செல்லவேண்டியவராயினர். இரு சமயப் போட்டியின் நடுவே ஏர் உழுதவனின் பேச்சு அச்சேறிற்று. மிக்கேல் ஃபிரென்செல் என்னும் போதகர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1706இல் வெளிவந்தது. விவிலியம் முழுவதும் 1728இற் பௌட்சன் நகரில் அச்சாயிற்று. ஆனால் இப்போட்டி ஒரு தீங்கையும் விளைத்தது. புரட்டஸ்தாந்தர் ஓர் எழுத்துமுறையையும் கத்தோலிக்கர் வேறோர் எழுத்துமுறையையும் கைக்கொண்டனர். ஏலவே சிறிய மக்கட் கூட்டம், ஒருவர் நூலை மற்றவர் எளிதிற் படிக்கவியலாத வகையில் இரண்டாகப் பிரிந்தது.

நகரின் பேராலயமான புனித பேதுரு ஆலயத்தைக் காண்போர் இவ்வரலாற்றைக் கண்ணாற் காணலாம். 1524ஆம் ஆண்டு முதல் ஒரே கூரையின்கீழ்க் கத்தோலிக்கர் பலிபீடப் பகுதியிலும், புரட்டஸ்தாந்தர் பெருமண்டபத்திலும் வழிபட்டு வருகின்றனர். நடுவே ஒரு தடுப்பு வேலி. இதனைச் சமய சகிப்புத்தன்மையின் சின்னமாகச் சுற்றுலா வழிகாட்டிகள் எடுத்துரைப்பர். உண்மைதான். ஆயினும் அவ்விரு பகுதிகளும் பெரும்பாலும் ஜேர்மன் மொழி பேசிய மக்களுக்குரியனவாய் இருந்தன. சோர்பியப் புரட்டஸ்தாந்தருக்கு ஆற்றுப்பக்கமாகப் புனித மிக்கேல் ஆலயமும், சோர்பியக் கத்தோலிக்கருக்கு வேறோர் ஆலயமும் ஒதுக்கப்பட்டன. வேலியைக் கடந்து கைகுலுக்கிக்கொண்ட இரு சமயத்தாரும், மொழி என்னும் வேலியை அவ்வளவு எளிதிற் கடக்கவில்லை.

பௌட்சனுக்கு வடமேற்கே, 1248இல் நிறுவப்பட்ட மரியன்ஸ்டேர்ன் கன்னியர் மடத்துக்கு உரிய நிலங்களில் வாழ்ந்த குடியானவர் கத்தோலிக்கராகவே நீடித்தனர். பிற்காலத்தில் புரட்டஸ்தாந்துக் கிராமங்களில் மொழி தேய்ந்தபோது இங்கே மட்டும் அது நிலைத்தது. மடத்துத் தலைவியர் நிலமானியப் பிரபுக்களே. குடிகளின் உழைப்பை வாங்கியவர்களே. ஆயினும் கத்தோலிக்கச் சோர்பியன் சுற்றியிருந்த புரட்டஸ்தாந்து ஜேர்மனியரோடு மணவுறவு கொள்ளத் தயங்கினான். அத்தயக்கம் அவன் மொழிக்கு அரணாயிற்று. முற்போக்காளர் இதனை ஒப்புக்கொள்ளக் கூசவேண்டியதில்லை. வரலாறு தன் கருவிகளை எம் விருப்பப்படி தெரிந்தெடுப்பதில்லை.

1832ஆம் ஆண்டிற் சாக்சனியில் நிலவடிமை முறை நீங்கியது. அதன்பின் ஒரு தலைமுறைக்குள் சோர்பியரின் மறுமலர்ச்சி தோன்றியமை தற்செயலன்று. குடியானவன் மகன் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்றான். ஆனால் அவனுக்குச் செல்வமுள்ள வகுப்பொன்றின் ஆதரவு இருக்கவில்லை. செக் மக்களுக்கிருந்த வணிகரோ, போலந்தியருக்கிருந்த பிரபுக்களோ சோர்பியருக்கு இல்லை. அவர்தம் இயக்கத்தை நடத்தியோர் போதகரும் கிராமத்துப் பள்ளியாசிரியருமே. ஹந்திரி செய்லேர் என்னும் போதகர் 1842இல் வாரப் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். யான் ஆர்னொஷ்ட் ஸ்மோலேர், லெயோபோல்ட் ஹௌப்ட் என்னும் ஜேர்மன் போதகரோடு சேர்ந்து, நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1841இலும் 1843இலும் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு சோர்பியரும் ஒரு ஜேர்மனியரும் இணைந்து செய்த இப்பணி இன்றும் ஆய்வாளருக்கு மூலநூலாய் விளங்குகின்றது. 1845இற் பௌட்சனில் முதலாவது சோர்பியப் பாடல் விழா நடைபெற்றது. செய்லேரின் பாட்டுகளுக்கு இசையமைத்த கொட்சோர் ஒரு பள்ளியாசிரியர். ஊரிலே மட்டும் பாடத்தகுந்தது என்று நகரத்தார் எண்ணியிருந்த மொழி, நகர மண்டபத்தில் நின்று பாடிற்று. 1847இல் 'மாச்சித்சா செர்ப்ஸ்கா' என்னும் கலை, அறிவியற் சங்கம் அங்கேயே நிறுவப்பெற்றது.

அடுத்த ஆண்டு 1848, ஐரோப்பாவெங்கும் புரட்சி. சோர்பியக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பத் தலைவர்கள் கையொப்பமிட்ட பெருவிண்ணப்பம் சாக்சனி அரசுக்குச் சென்றது. பாடசாலையிலும் ஆலயத்திலும் நீதிமன்றத்திலும் தம் மொழி வழங்கவேண்டும் என்பதே அதன் சாரம். 1532இல் நகர சபைக்குப் பணிவுரைக்க எழுத்தேறிய மொழி, 316 ஆண்டுகளின் பின் அரசிடம் உரிமை கேட்டது. புரட்சி ஒடுக்கப்பட்டது; கேட்டவற்றுட் கிடைத்தவை சிலவே. 1854இல் யான் கிலியான் என்னும் போதகரின் தலைமையில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கப்பலேறி அமெரிக்காவின் டெக்சாஸ் நாட்டிற் குடியேறினர். சமயக் கொள்கையே அவர் கூறிய காரணம். நிலமின்மையும் உடன் இருந்தது.

1868இல் நகரின் பெயர் மாறியது. அதுவரை ஜேர்மன் மொழியிலும் அதன் முறைப்பெயர் புடிசின் என்றே இருந்தது. சோர்பியப் பெயரின் ஒலி அதிலே வெளிப்படையாகக் கேட்டது. அரசு அதனை நீக்கிப் பௌட்சன் என்று ஆக்கிற்று. பேச்சு வழக்கில் அவ்வடிவம் முன்னரே இருந்தது என்பர், பொய்யன்று. ஆயினும் வழக்கிலிருந்த இரு வடிவங்களுள் ஒன்றைத் தெரிந்து அரச முத்திரை குத்துவோன் ஏன் அதைத் தெரிந்தான் என்னும் வினா எஞ்சுகின்றது. மூன்றாண்டுகளின் பின் ஜேர்மன் பேரரசு தோன்றியது. ஒரே அரசு, ஒரே சந்தை, ஒரே மொழி என்பது முதலாளித்துவத் தேசியத்தின் தாரகமந்திரமாயிற்று. புகையிரதமும் ஆலைகளும் கிராமத்து இளைஞரை நகருக்கு இழுத்தன. நகரில் வேலை வேண்டுமாயின் ஜேர்மன் வேண்டும். தடைச்சட்டங்கள் நூறாண்டுகளிற் செய்யாததை, கூலிச்சீட்டு ஒரு தலைமுறையிற் செய்தது.

ஆர்னொஷ்ட் முக்கா என்னும் ஆசிரியரை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். 1854இற் பிறந்த அவர் பௌட்சன் உயர்தரப் பாடசாலையிற் கற்பித்தவர். தம் மக்களைப் பற்றிய அரச கணக்கெடுப்பை நம்பாது, விடுமுறை நாட்களில் லுசாத்தியாக் கிராமங்களை நடந்தே சுற்றி, எவ்வூரில் எத்தனை பேர் எம்மொழி பேசுகின்றனர் எனக் கணக்கெடுத்தார். 1880களில் வெளியான அவரது நூலின்படி அப்போது ஏறத்தாழ 166,000 சோர்பியர் இருந்தனர். அரசு காட்டிய தொகையினும் இது கூடியது. முக்காவுக்குக் கிடைத்த பரிசு இடமாற்றம்: சோர்பியர் வாழாத ஜேர்மன் நகரங்களில் அவர் எஞ்சிய சேவைக்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. ஓர் ஆசிரியனைத் தண்டிக்க நினைக்கும் நிருவாகத்துக்கு இடமாற்றத்தைப்போல் வசதியான கருவி வேறில்லை என்பதை எமது வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. எனினும் அவர் அங்கிருந்தே கீழ்ச் சோர்பிய மொழிக்குப் பேரகராதி தொகுத்தார். சிறுசிறு நன்கொடைகளாற் கட்டப்பெற்ற சோர்பிய இல்லம் 1904இற் பௌட்சனில் திறக்கப்பட்டது. அக்கட்டடத்துக்காக உழைத்தோருள் முக்கா முன்னின்றவர்.

1912ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி ஹொயர்ஸ்வெர்டா நகரில் சோர்பியச் சங்கங்கள் ஒன்றுகூடி 'டொமோவினா' என்னும் பேரமைப்பைத் தோற்றுவித்தன. தாயகம் என்பது அச்சொல்லின் பொருள். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் அவ்வமைப்புக்கு ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. சோர்பியர் என்று ஓர் இனம் இல்லை, வெண்டிய மொழி பேசும் ஜேர்மனியரே உளர் என்று அதன் யாப்பில் எழுதவேண்டும். அப்போதைய தலைவரான பாவொல் நெடோ, தொழிலால் ஆசிரியர், அதற்கு இணங்கவில்லை. 1937இல் டொமோவினாவின் செயற்பாடு தடுக்கப்பட்டது, பத்திரிகை நின்றது, அச்சும் பாடசாலையும் மொழிக்கு அடைக்கப்பட்டன. சோர்பிய ஆசிரியரும் குருமாரும் தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டனர். ஊர்ப் பெயர்கள் ஜேர்மன் பெயர்களாயின.

இதன் முடிவு எங்கே சென்றிருக்கும் என்பதற்கு ஹிம்லர் 1940 மே மாதத்தில் எழுதிய குறிப்பே சான்று. கிழக்கு நாட்டு மக்களின் பிள்ளைகளுக்கு 4 வகுப்புப் பாடசாலை போதும். ஐந்நூறு வரை எண்ணவும், தம் பெயரை எழுதவும், ஜேர்மனியருக்குக் கீழ்ப்படிதல் கடவுளின் கட்டளை என்று அறியவும் கற்றாற் போதும். வாசிக்கத் தெரியவேண்டியதில்லை என்று அவன் எழுதினான். தலைவரற்ற உழைப்பாளர் கூட்டமாக வைத்திருக்கவேண்டியவரென அவன் கருதியோருள் சோர்பியரில் ஒரு பகுதியினரும் பெயர் சுட்டப்பட்டனர். 1532ஆம் ஆண்டு நகர சபைகூடச் சத்தியம் செய்பவனுக்கு அது விளங்கவேண்டும் என்று எண்ணியது. பாசிசத்துக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

பௌட்சனுக்கு வடக்கே ராடிபோர் என்னும் சோர்பியக் கிராமம் உண்டு. மரியா குரொல்முஸ் என்னும் பத்திரிகையாளர், கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து சோசலிசம் சார்ந்த பெண்மணி, நாஜி எதிர்ப்பாளரைச் செக் நாட்டு எல்லை கடத்திவிட்டமைக்காக 1934இல் அக்கிராமத்திற் கைதானார். சிறையிலும் பின்னர் ராவென்ஸ்புறூக் முகாமிலும் பத்தாண்டுகள் கிடந்து 1944இல் மாண்டார். அதே கிராமத்திற் பிறந்த இளங்குரு அலோய்ஸ் அந்திரித்ஸ்கி 1943 பெப்ரவரியில் டாக்கௌ முகாமிற் கொல்லப்பட்டார். திருச்சபை 2011இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலையை வழங்கியது. ஒருவர் சோசலிஸ்டு, மற்றவர் துறவி. கிராமத்தவர் இருவரையும் தம்மவராகவே நினைவிற் கொள்வர்.

நகரின் சிறைச்சாலையைப் பற்றியும் கூறவேண்டும். பௌட்சன் என்றவுடன் சராசரி ஜேர்மனியனுக்கு நினைவு வருவது சோர்பியர் அன்று, சிறையே. 1904இல் மஞ்சட் செங்கல்லாற் கட்டப்பட்டதால் 'மஞ்சள் துயரம்' எனப் பெயர்பெற்றது ஒன்று. நீதிமன்றத்தை அடுத்துக் கட்டப்பட்டது மற்றொன்று. ஜேர்மன் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் ஏர்ன்ஸ்ட் தேல்மான் 1943 முதல் இந்நகரிற் சிறைவைக்கப்பட்டு, 1944 ஓகஸ்ட் மாதம் புக்கன்வால்ட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலையுண்டார். தூக்குமேடைக் குறிப்புகளால் தமிழ் வாசகர் நன்கறிந்த செக் எழுத்தாளர் ஜூலியஸ் பூசிக், பெர்லினில் தூக்கிலிடப்படுமுன் 1943ஆம் ஆண்டின் கோடையில் ஏறத்தாழ இரு மாதங்களைக் கழித்ததும் பௌட்சனிலேயே.

1945 ஏப்ரல் இறுதியில், போர் முடியும் தறுவாயில், சோவியத் படையும் போலந்துப் படையும் பிடித்த நகரை ஜேர்மன் படை மீளப் பிடித்தது. அப்போரிற் போலந்து வீரர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். சோர்பிய இல்லமும் அழிந்தது. மே மாதம் 8ஆந் திகதி போர் ஓய்ந்தது. 10ஆந் திகதி, பௌட்சனுக்கு மேற்கேயுள்ள குரொஸ்ட்விட்ஸ் என்னும் கிராமத்திற் கூடிய சிலர் டொமோவினாவை மீளத் தொடங்கினர். இரண்டே நாள்!

அதன்பின் வந்த ஏழெட்டு ஆண்டுகளைச் சோர்பிய வரலாற்றின் மிக வளமான காலம் எனத் தயங்காது கூறலாம். 1946இல், அதே ராடிபோர் கிராமத்தில், சோர்பிய ஆசிரியர் பயிற்சிக் கழகம் திறக்கப்பட்டது. 1947இற் பௌட்சனிற் சோர்பிய உயர்தரப் பாடசாலை. 1948 மார்ச் 23ஆந் திகதி சாக்சனிச் சட்டசபை சோர்பிய மக்களின் உரிமைகளைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பாடசாலையிலும் அரச அலுவலகத்திலும் அவர்தம் மொழிக்கு இடமளித்த முதற் சட்டம் இதுவே. 1951இல் ஆய்வு நிறுவனம்; 1952இல் ஆடல் பாடற் குழு; 1956இல் புதிய சோர்பிய இல்லம்; 1958இற் பதிப்பகம். ஆயிரம் ஆண்டுகளாக எந்த மன்னனும் எந்தப் பேரரசும் தராத இவற்றை வறுமையும் இடிபாடும் சூழ்ந்த ஓர் அரசு தந்தது. அவ்வரசு பிற்காலத்திற் செய்தவற்றைக் காட்டி இதனை மறைப்பது நேர்மையாகாது.

பிற்காலத்திற் செய்தவற்றை மறைப்பதும் அவ்வாறே நேர்மையாகாது. 'லுசாத்தியா இருமொழி நாடாகும்' என்பது 1950களின் முற்பகுதியில் எழுப்பப்பட்ட முழக்கம். 1958 அளவில் அது 'லுசாத்தியா சோசலிச நாடாகும்' என மாறியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன என்று யார் கூறினர்? பழுப்பு நிலக்கரி நாட்டுக்கு இன்றியமையாததாயிற்று. அதனை அகழச் சோர்பிய வயல்களும் வீடுகளும் ஆலயங்களும் தோண்டப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் லுசாத்தியாவில் முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்த ஊர்கள் நூறுக்கும் மேற்பட்டவை. ஊரை இழந்தவன் நகரத்து மாடிவீட்டிற் குடியேறினான். அங்கே அயலவன் ஜேர்மனியன். டொமோவினாவோ கட்சியின் குரலைத் திரும்பச் சொல்லும் அமைப்பாக மாறிவிட்டது.

பாடசாலை நிலையைச் சற்று விரித்துரைப்போம். சோர்பியமே பயிற்று மொழியாய் அமைந்த பாடசாலைகள் ஒருவகை. ஜேர்மன் பாடசாலையிற் சோர்பியத்தை ஒரு பாடமாகப் படிப்பிப்பன மற்றொருவகை. இரண்டாம் வகையில் ஜேர்மன் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகள் ஏன் இதைப் படிக்கவேண்டும் என முணுமுணுத்தனர். அவர்களுக்கு எடுத்துரைத்து இணங்கவைப்பது கடினமான பணி. அரசு எளிதான வழியை நாடிற்று. 1962இல் முதல்வகைப் பாடசாலைகளிலும் கணிதமும் விஞ்ஞானமும் ஜேர்மன் மொழிக்கு மாற்றப்பட்டன. பாட்டும் கதையும் தாய்மொழியில், அறிவியல் பிறமொழியில் என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், தன் மொழியின் தகுதியைப் பற்றி அப்பிள்ளை எதனைக் கற்றுக்கொள்ளும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். 1964இல் வந்த ஒழுங்குவிதி சோர்பிய பாடத்தைப் பெற்றோர் விருப்புக்கு விட்டது. சில ஆண்டுகளில் அதனைப் படித்தோர் தொகை மூன்றிலொரு பங்கினும் கீழாக வீழ்ந்தது. தடையேதும் இல்லை, ஆணையேதும் இல்லை, விருப்பம் என்னும் ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

சிறையும் வெறிதாகவில்லை. போருக்குப்பின் 1950 வரை மஞ்சள் துயரம் சோவியத் தடுப்பு முகாமாயிருந்தது; மூவாயிரத்துக்குக் குறையாதோர் அங்கே பசியாலும் நோயாலும் இறந்தனர். 1956 முதல் மற்றைய சிறை அரச பாதுகாப்புத் துறையின் கைக்கு வந்தது. வால்டர் யங்கா என்னும் கம்யூனிஸ்டை நாஜிகள் பௌட்சனிற் சிறையிட்டனர். அவர் ஸ்பெயினிற் குடியரசுக்காகப் போரிட்டார். நாடு திரும்பிப் புகழ்பெற்ற பதிப்பகமொன்றின் தலைவரானார். 1957இல், அவர் எந்த அரசுக்காக வாழ்நாளைக் கொடுத்தாரோ அந்த அரசே அவரைக் குற்றவாளியாக்கி, அதே பௌட்சனுக்கு அனுப்பியது. இதனை எழுத எமக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் ஒரு நகரின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தவன் வேண்டிய வீதிகளில் மட்டும் நடக்கமுடியாது.

இவையனைத்துக்கும் இடையில் இலக்கியம் வளர்ந்தது என்பதையும் குறிப்பிடுவோம். கல்லுடைக்கும் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்த யூரி பிரெசான் இரு மொழிகளிலும் எழுதினார். கிராபாட் என்னும் மாயக்காரனைப் பற்றிய சோர்பிய நாட்டுக்கதையை எடுத்து, அறிவை மக்கள் கையிற் சேர்க்க நினைப்பவனின் கதையாக அதனை வளர்த்தார். 1963இல் ஜேர்மன் அரங்கும் சோர்பிய அரங்கும் ஒன்றிணைந்த நாடக மன்றம் பௌட்சனில் அமைந்தது. இன்றும் இரு மொழியிலும் நாடகம் நடக்கின்றது. உயிர்த்த ஞாயிறன்று கறுப்பு மேலங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஆடவர் குதிரையேறி, பௌட்சனிலிருந்து ராடிபோர்வரை பாடிச் செல்லும் வழக்கமும் நிற்கவில்லை. சமயத்தில் நம்பிக்கையற்ற ஆட்சியாளர் காலத்திலும் குதிரைகள் சென்றன.

1990இல் இரு ஜேர்மனிகளும் இணைந்தபோது, இணைப்பு உடன்படிக்கையின் குறிப்பிலே சோர்பிய மொழிக்கும் பண்பாட்டுக்கும் உறுதிமொழி எழுதப்பட்டது. 1992ஆம் ஆண்டுச் சாக்சனி அரசியல் யாப்பு, சோர்பியரை மாநில மக்களின் சம உரிமையுள்ள பகுதியினர் என ஏற்றது. 1999இல் தனிச்சட்டமும் வந்தது. எழுத்திலே குறையொன்றும் இல்லை. ஆனால் கிழக்கு ஜேர்மனியின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, இளைஞர் வேலை தேடி மேற்கே சென்றனர், பிறப்பு வீழ்ந்தது. பாடசாலைகளைக் கணக்கர்கள் எண்ணத் தொடங்கினர்.

2001ஆம் ஆண்டில் குரொஸ்ட்விட்ஸ் சோர்பிய இடைநிலைப் பாடசாலையின் ஐந்தாம் வகுப்புக்குப் பதினேழு பிள்ளைகள் பதிவு செய்தனர். விதிப்படி இருபது பேர் வேண்டும். மூவர் குறைவு என்று கல்வியமைச்சு அவ்வகுப்பை நடத்த மறுத்தது. டொமோவினா மீளப் பிறந்த அதே கிராமம் இது. பெற்றோர் பிள்ளைகளை வேறு பாடசாலைக்கு அனுப்ப மறுத்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்து, சம்பளமும் நியமனமும் இன்றி, அப்பதினேழு பேருக்கும் வாரக்கணக்கிற் பாடம் நடத்தினர். ஊர் திரண்டது, வெளிநாட்டுச் செய்தியாளரும் வந்தனர். இறுதியில் அமைச்சே வென்றது. 2003இற் பாடசாலை மூடப்பட்டது. மொழியை எவரும் தடுக்கவில்லை. யாப்பில் எழுதிய உறுதிமொழியை எவரும் அழிக்கவில்லை. ஓர் எண் மட்டும் காட்டப்பட்டது.

1998 முதல் பிறிதொரு முயற்சியும் நடந்துவருகின்றது. பிரான்சின் பிறெத்தோன் மொழியார் கண்ட வழியைப் பின்பற்றி, பாலர் பாடசாலையிலேயே ஆசிரியை முழுநேரமும் சோர்பியத்திற் பேசும் முறை அது. நல்வரவு என்னும் பொருள்தரும் 'வித்தாய்' என்பது அதன் பெயர். ஜேர்மன் மொழி மட்டுமே பேசும் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வருகின்றனர். பாட்டனோடு நின்றுபோன மொழியைப் பேரப்பிள்ளை பள்ளியிற் கற்று வீட்டுக்குக் கொண்டுவருகின்றது. இப்பிள்ளைகள் வளர்ந்து மேல்வகுப்புக்கு வரும்போது, கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் சோர்பிய மொழியிற் கற்பிக்கவல்ல ஆசிரியர் போதியளவு இல்லை. 2001இல் குரொஸ்ட்விட்ஸுக்கு வந்து நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், 1946ஆம் ஆண்டிற் சோர்பிய ஆசிரியர் பயிற்சி தொடங்கியபின் உருவான தலைமுறையினர்.